கிற்றார் ஏறிய கரைகள்: பம்பாய்க் குழுவும் தாமதமாக வந்த தட்டும்

நம் திருகோணமலை எம்.பி. பரமேஷின் பொப்பிசைத் தட்டைப் பற்றிச் சென்ற வாரங்களில் பேசியாயிற்று. வாக்களித்தபடி இவ்வாரம், பம்பாயின் அட்டாமிக் ஃபாரஸ்ட் என்னும் கனத்த றொக் குழுவின் ஒரே இசைத்தட்டு வெளியான வரலாற்றுக்கு வருகிறேன். சாம்பல்தீவிலிருந்து எழுதுகிறவனுக்குப் பம்பாயில் என்ன வேலை என்று கேட்பவர்களுக்கு, 1957 வரை பிரித்தானியக் கடற்படை தங்கியிருந்த திருகோணமலைத் துறைமுகத்தின் பக்கத்தில் வாழ்பவன், இன்னொரு துறைமுகத்தின் ஓசைக்குக் காது கொடுப்பதில் அதிசயமில்லை என்பதே என் சமாதானம்.

குழுவின் தலைவர் பேஸ் கிற்றார் வாசித்த கீத் கங்கா. மத்தளக்காரர் வாலண்டைன் லோபோ. ஆனால் என் அபிமானமெல்லாம் கிற்றார் வாசித்த நீல் சட்டோபாத்யாய் மீதுதான். தந்தியின் நாதத்தை வேண்டுமென்றே சிதைத்து உறுமலாக்கும் அந்த வித்தையைச் சாஸ்திரீய சங்கீத ரசிகர்கள் அபசாரமென்பர். நானோ அதை ஒருவகை உக்கிர உபாசனை என்பேன்.

பாடகர் மதுகர் சந்திர தாஸ். 1974இல் அலிக் பதம்சி பம்பாயில் மேடையேற்றிய ‘ஜீசஸ் கிறைஸ்ட் சூப்பர்ஸ்டார்’ இசை நாடகத்தில் இயேசுவாக நின்றவர் இவரே; யூதாஸாக நந்து பேந்தே. அந்நாடகத்தில் முதற்பாட்டு யூதாஸுக்கே உரியது. ஆண்டவருக்கோ, கெத்சமனே தோட்டத்தில் பிதாவோடு வாதிட்டு உச்சஸ்தாயியில் அலறவேண்டிய கடுஞ்சோதனை. டிம் ரைசும் ஆண்ட்ரூ லாயிட் வெபரும் அதை 1970இல் இசைத்தட்டாக வெளியிட்டு, தட்டின் கீர்த்தியைக் கொண்டே மறு ஆண்டு நியூயோர்க்கில் மேடை கண்டார்கள். பம்பாயிலோ எல்லாம் தலைகீழ்: மேடை உண்டு, கரகோஷம் உண்டு, தட்டு மட்டும் இல்லை. சினிமாப் பாட்டு விற்கும்போது இந்த இரைச்சல் எதற்கென்று கதவைச் சாத்திவைத்த இசைத்தட்டு நிறுவனங்களோடு ஒப்பிட்டால், முப்பது வெள்ளிக்காசு வாங்கிய யூதாஸ்கூட எனக்குச் சற்று நல்லவனாகவே தோன்றுகிறான். அவனாவது கடைசியில் காசைத் திருப்பி எறிந்தான்.

இடம் தீர்ந்துகொண்டிருப்பதால் சுருங்கச் சொல்கிறேன். அட்டாமிக் ஃபாரஸ்டின் ‘அப்செஷன் 77’ என்ற அந்த ஒரே தட்டை மியூசிக் இந்தியா வெளியிட்டது 1981இல். அதற்குள் குழு கலைந்துவிட்டிருந்தது. 2011இல் லாஸ் ஏஞ்சலஸ் நகரத்து நாவ்-அகெய்ன் நிறுவனம் அவ்விசையை மறுபதிப்புச் செய்தது. தட்டிலுள்ள பாட்டுகளை ஒவ்வொன்றாக அடுத்த வாரம் எடுத்துக்கொள்வோம்.