பழக்குதலும் அடக்குதலும்: குரைப்பை நிறுத்திய வரலாறு

'ஊர்ல ஆயிரம் பிரச்சினை இருக்கறப்ப நாய் குரைக்கிறதைப் பத்தி ஒரு கட்டுரையா?' என்று நண்பர்கள் கேட்கக்கூடும். கேள்வி நியாயமானதுதான். ஆனால் பக்கத்து வீட்டு நாயைக் கண்டதும் வேலியோரமாக ஓடி ஓடிக் குரைக்கிற நாயை எப்படி நிறுத்துவது என்கிற சாதாரணமான கேள்விக்கு, கடந்த நூற்றுச் சொச்சம் ஆண்டுகளில் சொல்லப்பட்ட பதில்கள் எங்கிருந்து வந்தன என்று பார்த்தால் சற்று நிதானிக்க வேண்டியிருக்கிறது. போலீஸ் நிலையம், ராணுவ முகாம், மிருகக்காட்சிசாலை, உடலியல் பரிசோதனைக்கூடம், ஒரு குழந்தையின் சாப்பாட்டு நாற்காலி. குரலை நிறுத்துவது பற்றிய அறிவு இந்த இடங்களில்தான் உற்பத்தியாகியிருக்கிறது.

இன்னொரு எச்சரிக்கையும் தேவை. நாயை உருவகமாக்கி மனிதர்களைப் பற்றிப் பேசிவிடுவது எழுதுகிறவர்களுக்கு எளிது. 'நாயே' என்பது நம் ஊரில் யாரைப் பார்த்துச் சொல்லப்படுகிறது என்பதை அறிந்தவர்களுக்கு அந்த உருவகம் எவ்வளவு அசிங்கமானது என்பதும் தெரியும். எனவே இங்கே நாய் நாயாகவே இருக்கட்டும். மனிதர்கள் இந்த வரலாற்றில் தாமாகவே வந்து நுழைகிறார்கள்.

தமிழில் இதற்கு இரண்டு சொற்கள் உண்டு. 'நாயை அடக்குய்யா' என்கிறோம். 'நாயைப் பழக்கியிருக்காங்க' என்றும் சொல்கிறோம். அடக்குவது ஒருவர் இன்னொருவர் மீது செய்வது. பழக்குவது 'பழகு' என்பதிலிருந்து வருகிறது. பழகுவதற்கு இரண்டு தரப்பு வேண்டும், காலமும் வேண்டும். நடைமுறையில் இரண்டையும் மாற்றி மாற்றிச் சொல்லிக்கொள்கிறோம். நாய்ப் பயிற்சியின் நவீன வரலாறு இந்த இரண்டுக்கும் இடையிலான இழுபறிதான்.

1

முதலில், குரைப்பு என்பது என்ன? உறுமல், முனகல், ஊளை, குரைப்பு என்று நாயின் குரல்களை நம் மொழி பிரித்து வைத்திருக்கிறது. ஆனால் குரைப்பு என்று வந்துவிட்டால் அது வெறும் சத்தம், இரைச்சல், தொந்தரவு. 2005இல் புடாபெஸ்ட்டில் பீட்டர் பொங்கிராட்ஸ், ஆடம் மிக்லோஷி முதலானோர் வெளியிட்ட ஆய்வு இந்த எண்ணத்தைக் கலைத்தது. 'முடி' என்கிற ஹங்கேரிய மேய்ச்சல் நாய்கள் வெவ்வேறு சூழ்நிலைகளில் குரைத்ததைப் பதிவு செய்து மனிதர்களிடம் போட்டுக் காட்டினார்கள். அந்நியர் வந்தபோது குரைத்தது, தனியே கட்டப்பட்டிருந்தபோது குரைத்தது, விளையாட்டில் குரைத்தது என்று, நாயைப் பார்க்காமலேயே, குருட்டாம்போக்கில் சொல்வதைவிடக் கூடுதலாக அவர்களால் அடையாளம் காணமுடிந்தது. நாய் வளர்த்த அனுபவம் இல்லாதவர்களாலும் முடிந்தது. ஆக, குரைப்பில் செய்தி இருக்கிறது. நமக்கு அது புரியவும் செய்கிறது. புரிந்துகொண்டே 'சும்மா இரு சனியனே' என்கிறோம்.

பக்கத்து வீட்டு நாயைப் பார்த்துக் குரைக்கிற நாய் பெரும்பாலும் இரண்டில் ஒன்றைச் சொல்கிறது. 'கிட்ட வராதே' என்கிற பயம். அல்லது 'கிட்ட வரணும், வரமுடியலை' என்கிற தவிப்பு. இரண்டையும் பெரிதாக்குவது வேலி. திறந்த வெளியில் சந்திக்கிற இரு நாய்கள் வளைந்து வந்து, மோந்து பார்த்து, பிடிக்கவில்லை என்றால் விலகிப் போகின்றன. வேலிக்கு இரு பக்கமும் உள்ள நாய்களுக்கு அணுகவும் வழியில்லை, தங்கள் இடத்தைவிட்டு அகலவும் வழியில்லை. தவிர, தெருவில் போகும் நாய் எப்படியும் போய்விடும். குரைத்த நாயோ தன் குரைப்பால்தான் அது போனது என்று கற்றுக்கொள்கிறது. மறுநாள் இன்னும் சீக்கிரம் ஆரம்பிக்கிறது. நாம் கத்தினால், எஜமானரும் சேர்ந்து குரைக்கிறார் என்பதாகவே அது எடுத்துக்கொள்ள வாய்ப்பு அதிகம். சொத்தின் எல்லையை நாய் கண்டுபிடிக்கவில்லை. நாம் போட்ட எல்லைக்குள் அதை நிறுத்திவிட்டு, எல்லையில் நின்று கத்துகிறது என்று புகார் சொல்கிறோம்.

2

1899இல் பெல்ஜியத்தின் கெண்ட் நகரப் போலீஸ், ரோந்துக்கு நாய்களை முறையாகப் பயன்படுத்தத் தொடங்கியது. ஜெர்மனி அதை விரைவிலேயே பின்பற்றியது. சார்ப்ருக்கனில் போலீஸ் அதிகாரியாக இருந்த கொன்ராட் மோஸ்ட், நாய்ப் பயிற்சி குறித்து 1910இல் வெளியிட்ட கையேடு நவீனப் பயிற்சி நூல்களின் மூதாதை. அதன் தலைப்பில் வரும் 'அப்ரிஹ்டுங்' என்கிற ஜெர்மன் சொல்லுக்குள் நேராக்குதல், திசைப்படுத்தல் என்கிற பொருள்கள் பொதிந்திருக்கின்றன. மோஸ்ட் முட்டாள் அல்ல. நாய்க்கு மனித ஒழுக்கம் கிடையாது, அது விளைவுகளிலிருந்து மட்டுமே கற்கிறது என்பதைப் பரிசோதனைக்கூட உளவியல் பரவுவதற்கு முன்பே தெளிவாக எழுதியவர். ஆனால் அந்த விளைவுகளில் முதன்மையானது வலுக்கட்டாயம்: முள் பட்டை, சாட்டை.

போலீஸ் நாயின் பயிற்சியில் கவனிக்கத்தக்கது, குரைப்பு அங்கே ஒழிக்கப்படவில்லை என்பதுதான். ஒளிந்திருக்கும் ஆளைக் கண்டுபிடித்ததும், கடிக்காமல், அதிகாரி வரும்வரை இடைவிடாது குரைக்கவேண்டும் என்பது ஜெர்மானிய நாய்த் தேர்வுகளில் ஒரு பாடம். கட்டளையிட்டால் குரை, கட்டளையிட்டால் நிறுத்து. குரல் இருக்கிறது, ஆனால் நாயுடையது அல்ல. 1963 மே மாதம் அலபாமாவின் பர்மிங்ஹாம் நகரில், நிறவெறிக்கு எதிராக ஊர்வலம் வந்த கறுப்பின மாணவர்கள் மீது போலீஸ் நாய்கள் ஏவப்பட்ட புகைப்படங்களை உலகம் பார்த்தது. அந்த நாய்கள் பழக்கப்படாத நாய்கள் அல்ல. மிக நன்றாகப் பயிற்றுவிக்கப்பட்டவை. யாரைப் பார்த்துக் குரைக்கவேண்டும் என்பதை அவை முடிவு செய்யவில்லை.

மிஷேல் ஃபூக்கோ 1975இல் வெளியிட்ட சிறை குறித்த நூலில் 'நல்ல பயிற்றுவிப்பின் வழிமுறைகள்' என்று பொருள்படும் தலைப்பில் ஓர் இயல் உண்டு. சிப்பாய், பள்ளி மாணவன், நோயாளி ஆகியோர் பற்றியது. நாய் அதில் பேசுபொருள் இல்லை. ஆனால் அந்தத் தலைப்புச் சொல்லின் வேரான பிரெஞ்சு வினைச்சொல்லைத்தான் பிரெஞ்சுக்காரர்கள் மிருகங்களைப் பயிற்றுவிப்பதற்கும் பயன்படுத்துகிறார்கள்.

போருக்குப் பிறகு ராணுவ முறை வீடுகளுக்குள் வந்தது. இரண்டாம் உலகப் போரில் அமெரிக்க ராணுவ நாய்களைப் பயிற்றுவித்த வில்லியம் கோஹ்லர் 1962இல் வெளியிட்ட நூல் பல பத்தாண்டுகள் விற்பனையில் இருந்தது. குழி தோண்டுகிற நாய்க்கு அவர் சொன்ன தீர்வு, அதே குழியில் தண்ணீரை நிரப்பி அதன் தலையை உள்ளே அமுக்குவது. இத்தகைய வன்முறைக்கு அறிவியல் முலாம் பூசியது ஓநாய். 1947இல் ருடால்ஃப் ஷெங்கல், பாசல் மிருகக்காட்சிசாலையில் அடைக்கப்பட்டிருந்த ஓநாய்களைப் பார்த்து, தலைமைக்கான போட்டியைப் பற்றி எழுதினார். அதிலிருந்து 'நாய்க்கு நீதான் தலைவன் என்று காட்டு, இல்லையேல் அது தலைவனாகிவிடும்' என்கிற சொல்லாடல் பிறந்தது. குரைக்கிறதா? கவிழ்த்துப் போட்டு அழுத்திப் பிடி. இந்தக் கருத்தைப் பரப்பிய நூல்களில் ஒன்றை 1970இல் எழுதிய டேவிட் மெக், காட்டு ஓநாய்களைப் பல ஆண்டுகள் நேரில் கவனித்துவிட்டு 1999இல் அதைத் திருத்தினார். காட்டில் ஓநாய்க் கூட்டம் என்பது பெரும்பாலும் தாய், தகப்பன், பிள்ளைகள் அடங்கிய குடும்பம். ஓயாத தலைமைச் சண்டை அடைத்து வைத்த ஓநாய்களின் சமூகவியல். சிறையைப் பார்த்து எழுதியதை இயற்கையின் விதி என்று படித்திருக்கிறோம்!

அடித்தால் குரைப்பு நிற்குமா? பல நேரம் நிற்கும். சிக்கலே அங்குதான். 'குரைக்கிற நாய் கடிக்காது' என்கிற பழமொழியைத் தலைகீழாகப் படிக்கவேண்டும். குரைப்பும் உறுமலும் எச்சரிக்கைகள். பயம் அப்படியே இருக்க, எச்சரிக்கையை மட்டும் தண்டனையால் அழித்துவிட்டால், முன்னறிவிப்பின்றிக் கடிக்கிற நாய் உருவாகலாம். மேலும், பக்கத்து வீட்டு நாய் தெரியும்போதெல்லாம் கழுத்தில் மின்னதிர்ச்சி விழுந்தால், அந்த நாய் வந்தால் வலி வரும் என்பதையே நம் நாய் கற்கிறது. முன்பு இருந்த சந்தேகம் இப்போது ஊர்ஜிதம். மின்னதிர்ச்சிப் பட்டைகளை வேல்ஸ் 2010இல் தடை செய்தது. குரல்நாணையே வெட்டிவிடும் அறுவை சிகிச்சையை 1987இன் ஐரோப்பிய ஒப்பந்தம் ஏற்கெனவே விலக்கியிருந்தது. ஒப்பந்தம் போட்டு விலக்கவேண்டிய அளவுக்கு அது நடந்துகொண்டிருந்தது என்பதையும் சேர்த்தே படிக்கவேண்டும்.

3

இன்னொரு மரபு ஒரு குழந்தையிடமிருந்து தொடங்குகிறது. 1920இல் ஜான் வாட்சனும் ரோசலி ரேய்னரும் ஒரு கைக்குழந்தைக்கு வெள்ளெலியைக் காட்டும்போதெல்லாம் பின்னால் இரும்புத் தண்டைத் தட்டிப் பயத்தைக் 'கற்பித்தார்கள்'. அந்தப் பயத்தைப் போக்காமலே விட்டார்கள். 1924இல் மேரி கவர் ஜோன்ஸ் எதிர்த் திசையில் கேட்டார்: இருக்கிற பயத்தை எப்படி நீக்குவது? பீட்டர் என்று அவர் குறிப்பிடும், மூன்று வயது நிரம்பாத சிறுவனுக்கு முயலைக் கண்டால் பயம். அவன் பிடித்ததைச் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது கூண்டிலிருக்கும் முயலைத் தூரத்தில் வைத்தார்கள். அவன் சாப்பிடுவது தடைபடாத தூரம் எதுவோ அதுதான் முயலின் இடம். நாள்பட நாள்பட முயல் நெருங்கியது. கடைசியில் அவன் அதைக் கையால் தொட்டான்.

குரைக்கும் நாய்க்கு இன்று பரிந்துரைக்கப்படுவது அடிப்படையில் இதே முறைதான். நம் நாய் பக்கத்து வீட்டு நாயைக் கவனிக்கிறது, ஆனால் இன்னும் குரைக்கவில்லை என்கிற தூரத்தைக் கண்டுபிடிக்கவேண்டும். அந்த நாய் கண்ணில் பட்ட பிறகு கறித்துண்டு. அது மறைந்ததும் கறித்துண்டு நின்றுவிடும். வரிசை முக்கியம்: முதலில் நாய், பிறகு தீனி. குரைத்துவிட்டால் தப்பு நம்முடையது. ரொம்ப நெருங்கிவிட்டோம், பின்வாங்கவேண்டும். பயிற்சி இல்லாத நேரங்களில் வேலியில் ஒரு தட்டியைக் கட்டிப் பார்வையை மறைத்தால், பழைய பாடம் தினமும் மனப்பாடமாவதாவது நிற்கும். வாரங்கள் ஆகும், சில நாய்களுக்கு மாதங்கள்.

கம்புக்குப் பதில் பிஸ்கட். அடக்குதலிலிருந்து பழக்குதலுக்கு வந்துவிட்டோம் என்று முடித்துவிடலாமா? முடியாது. குறுக்கே பாவ்லோவின் ஒரு நாய் நிற்கிறது.

4

பாவ்லோவின் மணியோசையும் எச்சிலும் எல்லோருக்கும் தெரியும். ரஷ்யப் புரட்சியின் ஆண்டுகளில் அவர் எழுதிய இன்னொரு நாயைப் பற்றி அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. பரிசோதனைச் சட்டத்தில் வாரால் கட்டி நிறுத்தியதும் அது தவித்தது, திமிறியது, எச்சில் ஓயாமல் வடிந்தது. சாதுவான நாய்தான். கட்டப்படுவதை மட்டும் அதனால் ஏற்க முடியவில்லை. பாவ்லோவ் அதற்கு ஒரு பெயர் வைத்தார்: 'சுதந்திர அனிச்சை'. பெயர் வைத்தபின் அதை முறியடித்தார். அடித்து அல்ல. அந்தச் சட்டத்தில் நின்றால் மட்டுமே சாப்பாடு என்று ஆக்கி. நாய் முதலில் சரியாகச் சாப்பிடாமல் மெலிந்தது, பிறகு பணிந்தது.

இது பிஸ்கட்டின் வரலாறும்கூட. எனவே தண்டனையா வெகுமதியா என்பதல்ல கோடு. வேறு எங்கோ இருக்கிறது.

அந்தக் கோட்டை அரை நூற்றாண்டு கழித்து இன்னும் சில நாய்கள் காட்டின. 1967இல் மார்ட்டின் செலிக்மன், ஸ்டீவன் மேயர் இருவரும் வெளியிட்ட பரிசோதனையில் நாய்கள் வாரால் கட்டப்பட்டு மின்னதிர்ச்சி பெற்றன. ஒரு குழு தலையால் ஒரு பலகையை அழுத்தி அதிர்ச்சியை நிறுத்திக்கொள்ள முடியும். இன்னொரு குழுவுக்கு அதே அளவு அதிர்ச்சி, ஆனால் எது செய்தாலும் நிற்காது. பிறகு, தாண்டித் தப்பிக்கக்கூடிய பெட்டியில் விட்டபோது முதல் குழு தாண்டியது. இரண்டாவது குழுவில் பெரும்பாலானவை தாண்டாமல் அதிர்ச்சியை வாங்கிக்கொண்டு கிடந்தன. 'கற்றுக்கொண்ட கையறுநிலை' என்றார்கள். இந்தக் கருத்து பின்னாளில் அமெரிக்க உளவுத்துறையின் விசாரணைக் கொட்டடிகளுக்குப் போனதை 2014இல் வெளியான செனட் குழு அறிக்கை பதிவு செய்தது.

ஆனால் 2016இல் மேயரும் செலிக்மனும் தம் பழைய விளக்கத்தையே திருப்பிப்போட்டார்கள். நீண்ட துன்பத்தின்முன் செயலற்றுக் கிடப்பது கற்றுக்கொண்டது அல்ல. அது மூளையின் இயல்பான எதிர்வினை. கற்றுக்கொள்ளப்படுவது மற்றொன்று: 'நான் செய்வதால் ஏதோ மாறுகிறது' என்பது. அதைக் கற்ற உயிரே தாண்டுகிறது.

இப்போது பீட்டரிடம் திரும்பலாம். அவனுக்கும் பாவ்லோவின் நாய்க்கும் உணவுதான் கொடுக்கப்பட்டது. ஆனால் முயலின் தூரத்தைத் தீர்மானித்தது பீட்டரின் பயம். அவன் சாப்பிடுவதை நிறுத்தினால் நின்றுபோவது சோதனை. அந்த நாய் சாப்பிடுவதை நிறுத்தினால் நின்றுபோவது உணவு. அடக்குதலுக்கும் பழக்குதலுக்கும் இடையே உள்ள கோடு இதுதான். எதிர்த்தரப்பு 'வேணாம்' என்று சொன்னால் ஏதாவது மாறுகிறதா?

எனவே பக்கத்து வீட்டு நாயைப் பார்த்துக் குரைக்கும் நம் நாயைப் பயிற்றுவிக்கும்போது, கையில் இருப்பது கம்பா கறித்துண்டா என்று பார்ப்பதோடு நிறுத்தாமல், கயிற்றையும் பார்க்கவேண்டும். நாய் திரும்பிப் போக விரும்பினால் கயிறு தளர்கிறதா? பசிக்க வைத்து இழுத்து வந்து வேலியருகே நிறுத்தித் தீனி போட்டால் அது பாவ்லோவின் சட்டம். விலகிப் போகலாம் என்று அறிந்த நாய் குரைக்கவேண்டிய அவசியம் குறைகிறது. தலையைத் திருப்பினாலே நாம் நான்கு அடி பின்வாங்குகிறோம் என்றால் அது ஏன் தொண்டையைக் கிழித்துக்கொள்ளவேண்டும்?

பகல் முழுக்கத் தனியாகச் சங்கிலியில் கிடக்கிற நாய்க்கு எந்தப் பயிற்சியும் பதில் அல்ல என்பதையும் சொல்லவேண்டும். அந்தக் குரைப்பு சங்கிலியைப் பற்றிய சரியான தகவல்.

வெளியிலிருந்து பார்க்கிறவருக்கு, பயம் தீர்ந்து அமைதியான நாயும் நம்பிக்கை இழந்து அமைதியான நாயும் ஒன்றுபோலத்தான் தெரியும். புகார் கொடுத்த பக்கத்து வீட்டுக்காரருக்கு இரண்டும் ஒன்றே. போலீஸ் கையேட்டுக்கும் ஒன்றே. வித்தியாசம் தெரியவேண்டுமானால் வேலிக்கதவைத் திறந்துவிட்டுப் பார்க்கவேண்டும். பழகிய நாய் மோந்து பார்க்கப் போகும், அல்லது பிடிக்கவில்லை என்று திரும்பி வரும். அடக்கப்பட்ட நாய் இருந்த இடத்திலேயே நின்று நம் முகத்தைப் பார்க்கும்.