நெற்றியில் தடவும் தைலத்துக்கு ஜொகூரில் ஒரு வரலாறு

தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பது நம் வீடுகளில் அடிக்கடி கேட்கும் பழமொழி. காய்ச்சலையாவது கையை வைத்துப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம். தலைவலிக்கு அந்த அடையாளமும் இல்லை. வீங்காது, சிவக்காது, இரத்தம் வராது. வலிக்கிறது என்று சொல்பவரின் வாய்ச்சொல்லைத் தவிர வேறு சாட்சி கிடையாது. அதனால்தானோ என்னவோ, உலகத்தில் அதிகமாகச் சந்தேகிக்கப்பட்ட நோயும் இதுதான். வேலைக்கு மட்டம் போடச் சொல்லும் பொய்களில் முதலிடம் இதற்கு உண்டு. உண்மையாகவே வலிப்பவருக்கு இதைவிடப் பெரிய அநியாயம் இல்லை.

எனக்கு முன்னால் பேசிய மருத்துவர் நோயைப் பற்றிச் சொன்னார். நான் வரலாறு படிக்கிறவன். ஆகவே நம் எல்லார் வீட்டிலும் இருக்கும் அந்தச் சின்னத் தைலக் குப்பியிலிருந்து தொடங்குகிறேன். அதன் கதையில் ஜொகூருக்கு ஒரு பெரிய பங்கு உண்டு என்பது ஜொகூர்க்காரர்களுக்கே அதிகம் தெரியாது.

அதற்கு முன் ஒரு சொல். நாம் ஒற்றைத் தலைவலி என்கிறோம். வடமொழி மருத்துவ நூல்களில் அது அர்த்தாவபேதகம், அதாவது பாதியைப் பிளப்பது. கிரேக்கத்தில் ஹெமிக்ரேனியா என்றார்கள். அதற்கும் பாதி மண்டை என்றே பொருள். அந்தச் சொல் தேய்ந்துதான் இன்றைய மைக்ரேன் ஆயிற்று. ஒருவரையொருவர் பார்க்காத மக்கள், ஒரே நோய்க்கு ஒரே மாதிரி பெயர் வைத்திருக்கிறார்கள் என்றால் வலி எல்லார்க்கும் ஒரே பக்கமாகத்தான் வந்திருக்கிறது. சுசுருத சம்ஹிதை தலைநோய்களைப் பதினொன்றாகப் பிரிக்கிறது. வெயில் ஏற ஏற வலி ஏறி, பொழுது சாயச் சாயக் குறையும் வகைக்குச் சூரியாவர்த்தம் என்று பெயர். இக்காலத்தில் மருத்துவர்கள் உலகம் முழுவதற்கும் பொதுவான வகைப்பாடு ஒன்றை 1988-ல்தான் வெளியிட்டார்கள்.

இனி, குப்பிக்கு வருவோம். மூடியைத் திறந்தவுடன் மூக்கில் ஏறும் நெடியில் நான்கு பொருள்கள் கலந்திருக்கும்: புதினாவிலிருந்து வரும் மெந்தால், யூக்கலிப்டஸ் எண்ணெய், ஆஸ்பிரினுக்குப் பங்காளி முறையான மீத்தைல் சாலிசிலேட், பிறகு கற்பூரம். நான்கில் மூத்தது கற்பூரம்தான்.

கோயிலில் கொளுத்துகிற கற்பூரத்தை நான் சொல்லவில்லை. பழைய காலத்தில் பச்சைக் கற்பூரம் என்று மருந்துக்கும் தாம்பூலத்துக்கும் சேர்த்தார்களே, அது வந்தது இந்தத் தென்கிழக்காசியக் காடுகளிலிருந்து. சுமத்ரா, போர்னியோ, மலாயாத் தீபகற்பத்தின் கிழக்குப் பகுதி, அதிலும் ஜொகூரின் எண்டாவ் ஆற்றுப் பக்கம், இங்கெல்லாம் வளரும் காப்பூர் மரம் அது. இருநூறு அடியையும் எட்டும் பெருமரம். சுமத்ராவின் பாருஸ் துறைமுகம் இந்தக் கற்பூரத்துக்கே பேர்போனது. இந்தோனேசியாவில் பூச்சி உருண்டையைக் கூட இன்றைக்கும் காப்பூர் பாருஸ் என்கிறார்கள். அந்தப் பாருஸ் அருகே லோபு துவா என்ற இடத்தில் கிடைத்த தமிழ்க் கல்வெட்டின் ஆண்டு 1088. திசையாயிரத்து ஐந்நூற்றுவர் என்ற நம் வணிகக் குழுவினர் வைத்தது. கற்பூரம் தேடி இவ்வளவு தூரம் கடல் கடந்தவர்கள் நம்மவர்கள். நாம் ரப்பர் வெட்டத்தான் முதன்முதலில் இந்தப் பக்கம் வந்தோம் என்று நினைத்துக் கொண்டிருக்கிறோம்!

இந்த மரத்தில் ஒரு சிக்கல். ரப்பரைப் போல் கீறினால் பால் வடியாது. மரத்தை வெட்டிச் சாய்த்து, பிளந்து, உள்ளே வெடிப்புகளில் படிந்திருக்கும் வெள்ளைப் படிகத்தைச் சுரண்டி எடுக்க வேண்டும். எல்லா மரத்திலும் இருக்காது. பல மரங்களை வெட்டியும் வெறுங்கையோடு திரும்ப நேரும். எந்த மரத்தில் இருக்கிறது என்று கண்டுபிடிப்பது ஒரு தனி வித்தை. ஜொகூரில் அந்த வித்தை தெரிந்தவர்கள் ஜாக்கூன் பூர்வகுடி மக்கள்.

1890-களில் ஜொகூர் சுல்தானிடம் பணியாற்றிய லேக் என்ற பொறியாளரும், கெல்சால் என்ற பீரங்கிப் படை அதிகாரியும் எண்டாவ், செம்புரோங் ஆறுகளின் வழியே படகில் போய் இந்த மக்களைச் சந்தித்தார்கள். 1894-ல் இருவரும் சேர்ந்து ஜொகூரின் கற்பூர மரத்தைப் பற்றியும் கற்பூர மொழியைப் பற்றியும் ஒரு கட்டுரை எழுதினார்கள். ஆமாம், கற்பூர மொழி! காட்டுக்குள் கற்பூரம் தேடப் போனவுடன் அன்றாடப் பேச்சை விட்டுவிட வேண்டும். வழக்கமான பெயர்களுக்குப் பதில் வேறு சொற்கள். மாற்றிப் பேசினால் கற்பூரம் கிடைக்காது என்பது நம்பிக்கை. மரத்தைக் காக்கும் பெண் ஆவிக்குப் பீசான் என்று பெயர். இரவில் சில்வண்டு கத்தினால் அது பீசானின் குரல். பக்கத்திலேயே கற்பூர மரம் உண்டு என்று அர்த்தம். சாப்பிடும்போது ஒரு பிடி அவளுக்கென்று எறிந்துவிட வேண்டும். கற்பூரம் தேடிய மலாய்க்காரர்களிடம் இன்னொரு கட்டுப்பாடு இருந்தது. உப்பைப் பொடித்துத் தின்னக்கூடாது, கல் உப்பாகவே தின்ன வேண்டும். பொடி உப்புத் தின்றால் கற்பூரமும் பொடியாகத்தான் கிடைக்குமாம்.

இதைக் கேட்டுச் சிரிப்பவர்கள் உண்டு. எனக்கு அது வெறும் மூடநம்பிக்கையாகப் படவில்லை. கிடைப்பது அரிது, கிடைத்தால் பெரும் விலை, காடோ ஆபத்தானது. அப்படிப்பட்ட இடத்துக்குள் வாயைக் கட்டி, வயிற்றைக் கட்டி நுழைவது ஒரு மரியாதை. அந்தப் படிகம் வணிகர் கைமாறிக் கைமாறி எங்கோ ஓர் அரண்மனையில் யாரோ ஒருவரின் தலைவலிக்குப் பற்றாகும் என்பது அதைச் சுரண்டி எடுத்தவருக்குத் தெரிந்திருக்குமா? பாருஸ் பக்கத்துக் கற்பூரம் எடைக்கு எடை பொன்னுக்கு விற்றது என்று மார்க்கோ போலோ எழுதியிருக்கிறார். ஏழையின் நெற்றிக்கு அது எட்டியிருக்காது.

ஏழைக்கு எட்டியது வேறு மரத்தால். தைவானிலும் ஜப்பானிலும் வளரும் இன்னொரு கற்பூர மரத்தின் சிராய்களைக் காய்ச்சி வடித்தே கற்பூரம் எடுத்துவிடலாம். 1895-ல் தைவானைப் பிடித்த ஜப்பான், 1899-ல் அந்த வியாபாரத்தை அரசின் ஏகபோகமாக்கியது. பிறகு டர்பன்டைனிலிருந்து செயற்கைக் கற்பூரம் செய்யக் கற்றார்கள். விலை சரிந்தது. தைலக் கம்பெனிகளின் காலம் பிறந்தது.

காசிநாதுனி நாகேஸ்வர ராவ் பந்துலு 1893-ல் பம்பாயில் அமிர்தாஞ்சனம் தொடங்கினார். 1914-ல் அது சென்னைக்கு வந்தது. சங்கீதக் கச்சேரிகளில் இலவசமாகக் கொடுத்துப் பெயர் பரப்பினாராம். கச்சேரிக்கும் தலைவலிக்கும் என்ன தொடர்பு என்று நான் கேட்கப் போவதில்லை. இரங்கூனில் ஒரு சீன மருந்துக் கடையில் பிறந்தது புலித் தைலம். ஆவ் பூன் ஹாவ் 1926-ல் அதைச் சிங்கப்பூருக்குக் கொண்டுவந்தார். 1928-ல் அதே சிங்கப்பூரில் லியுங் யுன் சீ என்பவர், ஒரு ஜெர்மானிய மருத்துவர் கொடுத்த கலவையை வைத்துக் கோடாலித் தைலத்தை ஆரம்பித்தார். எழுதப் படிக்கத் தெரியாதவர்களும் அடையாளம் காணத்தான் புலியும் கோடாலியும். கோடாலி இல்லாத வீடு அந்தக் காலத்தில் ஏது?

ஜொகூர்ப் பாலம் 1924-லேயே திறந்தாகிவிட்டது. சிங்கப்பூரில் அடைத்த குப்பி ஜொகூர்த் தோட்டங்களுக்கு வந்து சேர அதிக நாளாகவில்லை. விடியுமுன் பெரட்டுக்குப் போய், வெறும் வயிற்றோடு வெயில் ஏறும்வரை மரம் வெட்டியவர்களுக்குத் தலைவலி வராமல் என்ன செய்யும்? அதுவரை சுக்கை உரசிப் பற்றுப் போட்டார்கள், நொச்சி இலையில் ஆவி பிடித்தார்கள், துணியைத் தலையைச் சுற்றி இறுகக் கட்டினார்கள். தைலம் வந்தபின் இதெல்லாம் இரண்டாம் பட்சம். ஊருக்குப் போகிறவர்கள் பெட்டியிலும் கோடாலித் தைலம் தவறாமல் ஏறியது. தமிழ்நாட்டில் பல கிராமங்களில் மலாயாவின் வாசனை என்றால் இதுதான். மாமா கொடுத்த குப்பியைத் தீர்ந்த பிறகும் தூக்கி எறியாமல் முகர்ந்து பார்த்த பாட்டிமார்கள் உண்டு.

சரி, தைலம் உண்மையிலேயே கேட்குமா, மனப்பிரமையா? 1996-ல் ஆஸ்திரேலியாவில் புலித் தைலத்தைச் சோதித்தார்கள். இறுக்கத்தால் வரும் சாதாரணத் தலைவலிக்கு வெறும் போலி மருந்தைவிட அது நன்றாகவே வேலை செய்தது. பாரசிட்டமாலுக்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. அதே ஆண்டில் ஜெர்மனியின் கீல் நகர ஆய்வும் புதினா எண்ணெய்க்கு அதே சான்றைக் கொடுத்தது. 2002-ல் மெந்தால் தோலில் குளிர்ச்சியை உணரவைக்கும் வழியைக் கண்டுபிடித்தார்கள். நரம்பு முனையில் குளிரை அறியும் வாயில் ஒன்று இருக்கிறது, அதை மெந்தால் பொய்யாகத் தட்டித் திறக்கிறது. அந்த வாயிலைத் தனித்தனியே கண்ட டேவிட் ஜூலியஸ், ஆர்டெம் பட்டப்பூட்டியன் இருவருக்கும், சூடு, குளிர், தொடுகை பற்றிய ஆராய்ச்சிகளுக்காக 2021-ல் நோபல் பரிசு கிடைத்தது. பாட்டி பிழையாகச் சொல்லவில்லை.

ஆனால் தைலம் வலியைத்தான் தணிக்கும். வலிக்கான காரணம் அதற்குத் தெரியாது. தோட்டங்களில் தலையைப் பிளக்கும் வலியும் குளிர் நடுக்கமும் சேர்ந்து வந்தால் அது மலேரியா. அதற்குக் கசக்கும் கொய்னாதான் மருந்து. தைலம் தடவிப் படுத்தவர்கள் எல்லாரும் எழுந்திருக்கவில்லை. மனிதருக்கு மனிதர் பரவும் உள்நாட்டு மலேரியா மலேசியாவில் 2018 முதல் இல்லை. குரங்கிலிருந்து வரும் மலேரியா மட்டும் காட்டோரங்களில் நிற்கவில்லை. இன்று நகரத்தில் அந்த இடத்தைப் பிடித்திருப்பது டிங்கி. காய்ச்சலோடு கண்ணுக்குப் பின்னால் வலித்தால் ஆஸ்பிரினோ ஐபுபுரோஃபெனோ விழுங்காதீர்கள், இரத்தக் கசிவு கூடும். கிளினிக்குக்குப் போய் இரத்தம் சோதித்துவிடுங்கள்.

காற்றும் தலைவலி தரும். 2013 ஜூன் 23 அன்று மூவாரிலும் லேடாங்கிலும் புகைமூட்டத்துக்காக அவசரநிலை அறிவித்தார்கள். மூவாரில் காற்றுத் தூய்மைக் கேட்டு அளவு 746. 300 தாண்டினாலே அபாயம். அந்த வாரம் கடைகளில் தைலம் எவ்வளவு விற்றிருந்தாலும் பயன் இருந்திருக்காது. வீட்டுக் கதவு சன்னலை மூடி, முகக் கவசம் அணிவதுதான் வைத்தியம்.

அதைவிட மோசமானது 2019 மார்ச் 7. பாசிர் கூடாங்கில் கிம் கிம் ஆற்றில் யாரோ இரசாயனக் கழிவைக் கொட்டிவிட்டார்கள். பள்ளிப் பிள்ளைகளுக்குத் தலைவலி, குமட்டல், வாந்தி, மூச்சுத் திணறல். ஆயிரக்கணக்கானோர் சிகிச்சை பெற்றார்கள். 111 பள்ளிகளை மூடினார்கள். ஜூன் மாதத்தில் பிள்ளைகளுக்கு மறுபடியும் அதே அவதி; இந்த முறை மூடியவை 475. ஒரு பிள்ளை தலை வலிக்கிறது என்றால் பள்ளிக்குப் போகாமலிருக்க நாடகமாடுகிறது என்போம். ஒரே வகுப்பில் பத்துப் பிள்ளைகள் ஒரே நாளில் சொன்னால்? ஒரு வீட்டில் எல்லாருக்கும் ஒன்றாக வலித்தால்? அப்போது தலையைப் பார்க்காதீர்கள், காற்றைப் பாருங்கள். பிள்ளைகளை முதலில் வெளியே கொண்டுபோங்கள்.

விடியுமுன் மோட்டார் சைக்கிளில் பாலம் கடந்து சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிற நம் பிள்ளைகளின் தலைவலி வேறு மாதிரி. தூக்கம் போதாது, தண்ணீர் குடிப்பதில்லை, பசியாறல் கிடையாது, கழுத்து இறுகிப்போய் இருக்கும். அவர்கள் சட்டைப் பையில் தைலமும் இருக்கும், பாரசிட்டமால் அட்டையும் இருக்கும். மாதத்தில் பதினைந்து நாள், அதற்கு மேலும் மாத்திரை போட்டு, அப்படியே மூன்று மாதம் தாண்டினால் மாத்திரையே தலைவலியைக் கொண்டுவரும். தலைவலி போய்த் திருகுவலி வந்த கதை. இவர்கள் மருத்துவரிடம் போய், எந்த நாள், எத்தனை மணிக்கு, அதற்கு முன் என்ன சாப்பிட்டார், எவ்வளவு தூங்கினார் என்று எழுதிய தாளைக் காட்டினால் பாதி வேலை முடிந்தது. ஒற்றைத் தலைவலிக்கென்றே தனி மருந்துகள் இப்போது இருக்கின்றன. பல்லைக் கடித்துக்கொண்டு வாழ வேண்டியதில்லை.

எந்தத் தலைவலிக்கு எதற்கும் காத்திருக்கக்கூடாது? இடி விழுந்தாற்போல் நொடியில் உச்சத்துக்குப் போவது, கை கால் ஒரு பக்கம் தளர்வது அல்லது பேச்சுக் குழறுவது, காய்ச்சலோடு கழுத்தை மடக்க முடியாமல் போவது, தலையில் அடிபட்ட பின் வருவது, ஐம்பது வயதுக்கு மேல் புதிதாகத் தொடங்குவது. கர்ப்பிணிக்குக் கடுமையாக வலித்து, கண் பார்வை மங்கினாலும் நேரே மருத்துவமனைதான்.

கடைசியாகக் குப்பியைப் பற்றி. கற்பூரம் உள்ளே போனால் சின்னக் குழந்தைக்கு வலிப்பு வரும். ஆகையால் கைக்குழந்தையின் மூக்கிலும் நெஞ்சிலும் தைலம் தடவாதீர்கள். மூடியை இறுக மூடி, பிள்ளைகளின் கைக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள். வார்ஃபரின் போன்ற இரத்தம் உறையாமலிருக்கும் மருந்து சாப்பிடும் பெரியவர்கள் மீத்தைல் சாலிசிலேட் கலந்த தைலத்தை நிறையப் பூசும் முன் மருந்தகத்தில் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது நல்லது.