கறுப்பினக் கலைஞர் கனடா லீ

நாடகத்தில் நடிகனுக்குப் பாத்திரம் தருபவர் ஆசிரியர் என்பர். ஆயின் அமெரிக்க நாட்டில் நெடுங்காலம் அதனைத் தந்தது தோலின் நிறமே. கறுப்பினத்தில் பிறந்த நடிகர்க்கு ஏவலாள், சமையற்காரர், விழியை உருட்டிச் சிரிப்பூட்டும் கோமாளி என்னும் சில வேடங்களே ஒதுக்கப்பட்டிருந்தன. வெள்ளையரோ முகத்தில் கரி பூசிக்கொண்டு கறுப்பரைப் பழித்தாடிப் பெரும்பொருள் ஈட்டினர். இக்கட்டினை மீறி, எவ்வேடமும் தமக்குரியதே என்று நின்றவர் கனடா லீ. பால் ராப்சனை அறிந்த நம்மவருள்ளும் இவரை அறிந்தோர் மிகச் சிலரே.

1907 மார்ச் 3-ஆம் நாள் நியூயார்க் நகரில் பிறந்த அவர்க்குப் பெற்றோர் குடிப்பெயர் கானெகாட்டா. இளமையில் வயலின் பயின்றார். பதினான்காம் வயதில் வீட்டைவிட்டு ஓடிக் குதிரைப் பந்தயச் சவாரிக்காரரானார். உடல் வளர்ந்து எடை கூடவே அத்தொழில் கைவிட்டது, குத்துச்சண்டை வீரரானார். களத்தில் பெயர் கூவும் அறிவிப்பாளர் ஒருவரின் நாவுக்கு அடங்காத ‘லீ கானெகாட்டா’, ‘கனடா லீ’ ஆயிற்று. அடிபட்டு ஒரு கண்ணின் பார்வை கெட்டதால், 1933-இல் அத்தொழிலும் முடிந்தது.

அது பொருளாதாரப் பெருமந்தக் காலம். 1934-இல் ஹார்லம் பகுதி ஒய்.எம்.சி.ஏ.வுக்கு வேலை தேடிப் போனவர்க்கு, அங்கே நடிகர் தேர்வு நடந்துகொண்டிருந்தமையால், வேடம் கிடைத்தது. ஈராண்டுகளில், அரசு நாடகத் திட்டத்தின்கீழ் இருபது வயதே ஆன ஆர்சன் வெல்ஸ், கறுப்பின நடிகர்களையே கொண்டு ‘மாக்பெத்’ நாடகத்தை ஹார்லத்தில் அரங்கேற்றினார். கதை ஸ்காட்லாந்திலிருந்து ஹைட்டித் தீவுக்கு மாற்றப்பட்டிருந்தது. அதில் பாங்கோவாக நடித்தார் லீ.

1941-இல் அதே வெல்ஸ் இயக்கிய ‘நேட்டிவ் சன்’ அவர்க்குப் பெரும்புகழ் ஈட்டித் தந்தது. ரிச்சர்டு ரைட்டின் நாவலினின்றும் எழுந்த அந்நாடகத்தில், அச்சத்தால் கொலை செய்து, தண்டனைக்கு அஞ்சி ஓடும் சிகாகோ இளைஞன் பிக்கர் தாமஸ் அவரே. பார்ப்போர் வெறுத்தற்கும் இரங்குதற்கும் ஒருசேர உரிய பாத்திரம் அது. கறுப்பரை மேடையில் நல்லவராகவே காட்டவேண்டும் என்போர் அதனை விரும்பிலர். நான் அவர்களோடு உடன்படேன். குற்றமுடைய மனிதனாக நிற்கவும் உரிமை வேண்டுமன்றோ?

1944-இல் ஆல்பிரட் ஹிட்ச்காக்கின் ‘லைஃப்போட்’ படத்தில் கப்பற் பணியாளன் ஜோ. அடிமைத்தனமான கொச்சைப் பேச்சைத் தம் வசனத்தினின்றும் களைய லீ முயன்றார், ஓரளவே முடிந்தது. மூலக்கதை எழுதிய ஜான் ஸ்டெயின்பெக்கே, தாம் மதிப்புடன் படைத்த கறுப்பனைப் படம் தாழ்த்திவிட்டது என்று கண்டித்துத் தம் பெயரை நீக்கக் கோரினார்.

1946-ஆம் ஆண்டைச் சற்று நின்று நோக்கவேண்டும். அவ்வாண்டில் ‘ஆன் விட்மன் அவென்யூ’ என்னும் நாடகத்தின் தயாரிப்பாளருள் ஒருவராகி, அதில் நடிக்கவும் செய்தார். போரிலிருந்து திரும்பிய கறுப்பின வீரனின் குடும்பம், வெள்ளையர் தெருவில் வீடு வாடகைக்குப் பெற்றுப் பின் வெளியேற்றப்படுவதே அதன் கதை. இதனை நம்மவர்க்கு விளக்க வேண்டுவதில்லை. அதே ஆண்டில் ஜான் வெப்ஸ்டரின் பழைய ஆங்கில நாடகமாகிய ‘மால்ஃபி கோமகள்’ மேடையேறியபோது, ஒற்றனும் கொலைஞனுமாகிய பொசோலா வேடத்தை லீ ஏற்றார். பொசோலா வெள்ளையன், லீ முகத்தில் வெள்ளை அரிதாரம் பூசி நடித்தார். பிராட்வே அரங்கில் அவ்வாறு செய்த முதற் கறுப்பின நடிகர் அவரே என்பர். தம் நிறத்தை மறைத்தது தாழ்வன்றோ எனக் கேட்பார் உளர். கரி பூசி ஆடிய வெள்ளையர் ஒரு மக்களை இழிவுபடுத்தினர்; லீ எவரையும் இழிவுபடுத்தவில்லை. நடிப்பு நடிகனுடையது, தோலினுடையதன்று என்பதையே அந்தப் பூச்சு சொல்லிற்று.

1947-இல் ‘பாடி அண்டு சோல்’ படத்தில், மூளையில் குருதி உறைந்தும் விட்டுவைக்கப்படாத குத்துச்சண்டை வீரன் பென். கண்ணை இழந்த களத்தையே நடிப்பில் மீளக் கண்டார்.

இனப் பாகுபாட்டை எதிர்த்துப் பொதுமேடைகளில் பேசிவந்த அவரை அரசு விட்டுவைக்கவில்லை. 1949-இல், வேறொருவர் மீதான உளவு வழக்கில் வெளிப்பட்ட எஃப்.பி.ஐ. அறிக்கைகளில் அவர் பெயர் காணப்பட்டது. தாம் கம்யூனிஸ்டு அல்லர் என்று வெளிப்படையாக மறுத்தார். அவர்மீது எவ்வழக்கும் தொடரப்படவுமில்லை. ஆயினும் வானொலியும் தொலைக்காட்சியும் கதவடைத்தன.

அந்நிலையில் வந்தது ‘கிரை, தி பிலவ்ட் கன்ட்ரி’ படம். ஆலன் பேட்டனின் நாவலைத் தழுவி ஜோல்டன் கோர்டா இயக்கிய அப்படம், நிறவெறிச் சட்டங்கள் ஓங்கிய தென்னாப்பிரிக்காவிலேயே படமாக்கப்பட்டது. லீயும் இளைஞர் சிட்னி போய்ட்டியேயும் நடிகர்களாக அந்நாட்டினுள் நுழைய இயலவில்லை. இயக்குநரின் ஒப்பந்தக் கூலிகளாகவே அனுமதிக்கப்பட்டனர் என்று போய்ட்டியே பின்னாளில் கூறினார். ஏவலாள் வேடத்தை வெறுத்தவர்க்கு எல்லைக் காவலர் அளித்த வேடம் அது! படத்தில் அவர், மகனைத் தேடி ஜோகன்னஸ்பர்க் செல்லும் கிராமத்துப் பாதிரியார் குமாலோ. நாற்பத்து மூன்று வயதினர், நடை தளர்ந்த முதியவராகவே மாறியிருந்தார்.

அதுவே அவர் நடித்த கடைசிப் படம். 1952 மே 9-ஆம் நாள், நாற்பத்தைந்தாம் வயதில், சிறுநீரகக் கோளாற்றால் நியூயார்க்கில் அவர் மறைந்தார். ‘பாடி அண்டு சோல்’ படத்தின் நாயகரும், அதே கறுப்புப் பட்டியலால் தொழிலிழந்தவருமான ஜான் கார்ஃபீல்டு அதே மாதம் 21-ஆம் நாள் காலமானார்.