கடல் விட்டுப்போன சிப்பிகள்

மலருக்கு ஊர் வரலாறு எழுதச் சொன்னார்கள். கங்கைகொண்ட சோழபுரத்தைப் பற்றி எழுதப் பலர் இருக்கிறார்கள். நான் சிப்பியைப் பற்றி எழுதுகிறேன்.

பழைய நகைப்பெட்டியிலும் பித்தானிலும் வானவில் போல மின்னும் சிப்பி வேலையைப் பார்த்திருப்பீர்கள். கடைக்காரர்கள் 'மதர் ஆஃப் பேர்ல்' என்பார்கள். முத்துச்சிப்பியின் உட்புற ஓடுதான் அது. 16, 17-ஆம் நூற்றாண்டுகளில் குஜராத் கைவினைஞர்கள் அதைப் பதித்துச் செய்த பெட்டிகள் ஐரோப்பிய அரண்மனைகள் வரை போயின. அந்த நிறத்துக்குச் சாயம் கிடையாது. அரகோனைட் என்ற சுண்ணாம்புத் தாது, மில்லிமீட்டரில் சுமார் 2000-ல் ஒரு பங்கு கனமுள்ள தகடுகளாக அடுக்கடுக்காகப் படிகிறது. அந்த அடுக்குகளில் பட்டுத் திரும்பும் ஒளிதான் நிறமாகத் தெரிகிறது.

சரி, இதுக்கும் நம்ம ஊருக்கும் என்ன சம்பந்தம்? சுமார் 10 கோடி ஆண்டுகளுக்கு முன் பெரம்பலூர், அரியலூர் வட்டாரத்தில் கடல் இருந்தது. பிளான்ஃபோர்டு இந்தப் பாறைகளை ஆராய்ந்து 1862-ல் அறிக்கை வெளியிட்டார். இங்கே கிடைத்த சிப்பிகளையும் நத்தைகளையும் ஸ்டோலிச்கா கல்கத்தாவில் இருந்துகொண்டு வகைப்படுத்தினார். கருடமங்கலத்துச் சிப்பிக் கல்லை மெருகேற்றி அலங்காரப் பொருள் செய்தார்கள். 'டிரிச்சினாப்பள்ளி மார்பிள்' என்று அதற்குப் பெயர். அப்போது நாமெல்லாம் திருச்சி ஜில்லாதானே! பெரம்பலூர் தனி மாவட்டமானது 1995-ல்.

நம்ம சிப்பிகள் ஏன் மின்னுவதில்லை? அரகோனைட் நாள்பட்டால் கால்சைட்டாக மாறிவிடும், இல்லையென்றால் கரைந்துபோகும். அடுக்கு குலைந்தால் நிறமும் போச்சு. கனடாவில் களிமண் படிவுகளுக்குள் பத்திரமாக இருந்த அம்மோனைட் ஓடுகளின் மினுமினுப்பு அழியவில்லை. 1981-ல் அதை ரத்தினமாகவே ஏற்றுக்கொண்டார்கள்.

மின்னாததால் நம்முடையது மதிப்பில்லாதது ஆகிவிடாது. கல்லங்குறிச்சிச் சுண்ணாம்புப் படுகை நிறையச் சிப்பி ஓடுகள். அதைத்தான் சிமெண்டுக்கு வெட்டுகிறார்கள். வெட்டாதே என்று சொல்ல எனக்கு மனசு வரல. நம்மில் எத்தனை பேர் வீட்டில் அந்தச் சம்பளத்தில் உலை கொதித்தது! ஆனால் சூளைக்குள் போன சிப்பி திரும்ப வராது. வெட்டும்போது கிடைப்பதில் நல்ல மாதிரிகளையாவது, எந்த இடம், எந்த அடுக்கு என்று குறித்து எடுத்துவைக்க வேண்டும்.

சாத்தனூர் கல்மரம் 1940-ல் கண்டறியப்பட்டதால் இன்றும் இருக்கிறது. வாரணவாசியில் புதைபடிவ அருங்காட்சியகம் இருக்கிறது. தம்பி தங்கைகளே, ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்ப் பாருங்கள். நம்ம ஊர்க் கடலைப் பற்றித் தெரிந்துகொள்ள வேறு சாட்சி கிடையாது.