வாங்குகிற கைக்கும் பலம் உண்டு

நம்ம கூட்டமைப்பில் கடலை மிட்டாய் தொழில் ஆரம்பித்த புதிதில் வெல்லத்தால் ஒரு சண்டை வந்தது. ஒரு ஆலைக் கொட்டாயில் கிலோவுக்கு ஆறு ரூபாய் குறைத்துத் தருவதாகச் சொன்னார்கள். கொள்முதல் குழுவில் இருந்த நான், "விடக்கூடாதுக்கா, வாங்கிடலாம்" என்றேன். அப்போது ஒரு அக்கா எழுந்து, "அங்கதான் என் தங்கச்சி குடும்பம் முன்பணம் வாங்கிட்டு மாட்டிக்கிட்டுக் கெடக்குது. கூலி கைக்கு வர்றதே இல்ல. அதான் வெல்லம் மலிவு" என்றார். அன்று தீர்மானப் புத்தகத்தில் ஒன்றும் எழுத முடியவில்லை.

பிறகு ஒரு பயிற்சியில் இங்கிலாந்துப் பெண்களின் சர்க்கரைக் கதையைச் சொன்னார்கள். அதைத் தேடிப் படித்தேன்.

அன்றைக்கு இங்கிலாந்துக்காரர்கள் தேநீரில் போட்ட சர்க்கரை, மேற்கிந்தியத் தீவுகளில் ஆப்பிரிக்க மக்களை அடிமைகளாக வைத்துக் கரும்பு வெட்டிக் காய்ச்சியது. 1791-ல் அடிமை வணிகத்தை நிறுத்தக் கேட்ட மசோதா நாடாளுமன்றத்தில் தோற்றது. அதே ஆண்டு வில்லியம் ஃபாக்ஸ் என்பவர் ஒரு சிறு புத்தகம் போட்டார். வாரம் 5 பவுண்டு, அதாவது இரண்டேகால் கிலோ சர்க்கரை வாங்கும் குடும்பம் 21 மாதம் நிறுத்தினால் ஓர் உயிர் அடிமைத்தனத்திலிருந்து தப்பும் என்பது அவர் போட்ட கணக்கு. வீட்டுச் செலவுக் கணக்கு பெண்களுக்குப் புரியாதா? ஓட்டுரிமை இல்லாத அந்தப் பெண்கள் சர்க்கரையை நிறுத்தினார்கள். சுமார் 3 லட்சம் பேர் விட்டுவிட்டதாகத் தாமஸ் கிளார்க்சன் மதிப்பிட்டார்.

வியாபாரிகளும் கவனித்தார்கள். 1792-ல் ஜேம்ஸ் ரைட் என்ற வணிகர், அடிமை உழைப்பு கலக்காத சர்க்கரை கிடைக்கும்வரை விற்கப்போவதில்லை என்று செய்தித்தாளில் விளம்பரம் கொடுத்தார். 1820-களில், அடிமைகள் செய்யாத கிழக்கிந்தியச் சர்க்கரை என்று எழுதிய பீங்கான் கிண்ணங்கள் விற்றன. நியாயமாக வாங்கி விற்பவர் என்ற நல்ல பேரைத் தேடி வாடிக்கையாளர் வந்தார்.

1824-ல் எலிசபெத் ஹெய்ரிக் என்ற பெண், அடிமைமுறையைப் படிப்படியாக அல்ல, உடனே ஒழிக்க வேண்டும் என்று எழுதினார். 1825-ல் பர்மிங்காமில் பெண்கள் சங்கம் அமைந்தது. வீடு வீடாகப் போய், அந்தச் சர்க்கரையை வாங்காதீர்கள் என்று கேட்டார்கள். 1830-ல், 'படிப்படியாக' என்ற சொல்லை எடுக்காவிட்டால் பணம் தரமாட்டோம் என்று ஆண்கள் நடத்திய தலைமைச் சங்கத்திடமே சொன்னார்கள். சொல் எடுக்கப்பட்டது. 1833-ல் ஒழிப்புச் சட்டம் வந்தது. அதற்குப் பெண்கள் மட்டும் காரணமல்ல. 1831-ல் ஜமைக்காவில் அடிமைகளே கிளர்ந்தெழுந்ததும் பெரிய காரணம்.

ஒரு கசப்பான பாடமும் உண்டு. கிண்ணத்தில் எழுதியது முழு உண்மையல்ல. அந்தச் சர்க்கரை போன நம் நாட்டிலும் 1843 வரை அடிமைமுறை சட்டப்படி செல்லுபடியாக இருந்தது. அடிமைமுறை ஒழிந்த பிறகு, மொரிஷியஸ் தோட்டங்களுக்கு நம்மவர்களை ஒப்பந்தக் கூலிகளாகக் கொண்டுபோனார்கள். 1860-ல் சென்னையிலிருந்து 'ட்ரூரோ' கப்பல் தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்கு ஆட்களை ஏற்றிப் போனது. அங்கேயும் கரும்புத் தோட்டம்தான். அதனால் லேபிளைப் பார்த்தால் மட்டும் போதாது. ஒருமுறை கேட்டுவிட்டு நிறுத்தவும் கூடாது.

இதை அடுத்த கூட்டத்தில் சொன்னேன். ஆறு ரூபாய் கூடக் கொடுத்து, கூலிக் கணக்கு காட்டுகிற வேறொரு ஆலையில் வாங்குவது என்று தீர்மானம் போட்டோம். முதல் இரண்டு மாதம் லாபம் குறைந்தது, மறைக்கவில்லை. ஆனால் தீபாவளிக்கு வெல்லம் தட்டுப்பட்டபோது அந்த ஆலைக்காரர் நமக்குத்தான் முதலில் கொடுத்தார். மிட்டாய் வாங்க வந்த ஒரு கடைக்காரர், "எங்க வாங்குறீங்க, எப்படிச் செய்றீங்க?" என்று கேட்டார். பதிவேட்டைக் காட்டினோம். இன்றுவரை நம்மிடம்தான் வாங்குகிறார்.

அந்த அக்காவின் தங்கைக்காக, 1976-ன் கொத்தடிமை ஒழிப்புச் சட்டத்தின்படி கோட்டாட்சியரிடம் மனு கொடுத்தோம். விசாரணைக்குப் பிறகு குடும்பம் வெளியே வந்தது. இப்போது அவரும் ஒரு குழுவில் உறுப்பினர். போன மாதம் கொள்முதல் கூட்டத்துக்கு வந்தவர், புதிதாகக் கடலை கொடுக்க வந்த வியாபாரியிடம் கேட்ட முதல் கேள்வி: "உங்க களத்துல உடைக்கிறவங்களுக்குக் கூலி எவ்வளவு தர்றீங்கண்ணே?"