கங்காணி முதல் முகவர் வரை

தாராவியில் குடியேறிய திருநெல்வேலிக் குடும்பங்களில், முதலில் வந்தவர் யாரை நம்பி வந்தார் என்று கேட்டால், பெரும்பாலும் ஒரே வகையான விடைதான் கிடைக்கும். ஊர்க்காரரோ உறவினரோ முன்னே வந்து தோல் பதனிடும் தொழிலில் அமர்ந்திருப்பார். அவர் சொல்லை நம்பி மற்றவர் இரயிலேறியிருப்பார். தட்டெழுத்துக் கற்று மாட்டுங்காவுக்கு வந்த இளைஞர்களின் கதையும் பெரிதும் வேறன்று. தெரிந்த முகத்தை நம்பிப் புறப்படுவது நம்மவர் வழக்கம். அதனால் வாழ்ந்தவர் பலர். அந்த நம்பிக்கையையே முதலாக வைத்து வாணிபம் செய்தவர்களும் உண்டு. அவர்களைப் பற்றியே இங்கே சொல்ல வந்தோம்.

இலங்கையின் காப்பித் தோட்டங்களுக்கும் பின்னர்த் தேயிலைத் தோட்டங்களுக்கும் தமிழகத்திலிருந்து ஆள் சேர்த்தவர் கங்காணி. அவர் அயலார் அல்லர். பல வேளைகளில் அதே ஊர், அதே சாதி, நெருங்கிய உறவு. தோட்டத்தில் முன்பணம் பெற்று ஊருக்கு வருவார். பழைய கடனை அடைக்கவும் வழிச்செலவுக்கும் பணம் கொடுத்துக் குடும்பத்தோடு அழைத்துப் போவார். அதை உதவியென்று எண்ணியவன், தோட்டத்தை அடைந்த பின்னரே அது தன் பேரில் கடனாக ஏறியிருப்பதை அறிவான். ஆட்கள் வேலைக்கு வந்த நாளுக்குத் தலைக்கு இவ்வளவு என்று கங்காணிக்கு வேறு காசு கிடைத்தது. தொழிலாளி வேறு தோட்டத்துக்குப் போகவேண்டுமானால் 'துண்டு' வேண்டும். இன்ன தொகையைச் செலுத்தினால் இவர்களை விடுவிப்போம் என்று துரை எழுதித் தரும் சீட்டு அது. புதிய துரை பணத்தைக் கட்டி ஆட்களை எடுத்துக்கொள்வார். கடனோ அவர்களுடனேயே நடந்து செல்லும்.

1921ஆம் ஆண்டில் இலங்கைச் சட்டம் துண்டு முறையை ஒழித்தது. மறு ஆண்டு வந்த இந்தியக் குடிபெயர்வுச் சட்டம், தோட்ட வேலைக்கு ஆள் சேர்ப்போர் உரிமம் பெற்றாக வேண்டும் என விதித்தது. ஆள் சேர்ப்பவரைப் பெயரும் முகவரியும் உள்ளவராக ஆக்கியதே அச்சட்டத்தின் பெரும்பயன் என்பது எம் கருத்து.

கடல் கடக்காத பம்பாயிலும் இதன் சாயல் இருந்தது. பஞ்சாலைகளில் ஆள் எடுத்தவர் 'ஜாபர்' என்னும் மேஸ்திரி. இரத்தினகிரியிலிருந்து வந்த தொழிலாளி, வேலை கிடைக்கவும் கிடைத்த வேலை நிலைக்கவும் அவருக்குத் 'தஸ்தூரி' கொடுக்க வேண்டியிருந்தது. ஆள் எடுக்கும் அதிகாரம் ஜாபரிடம் இருத்தலாகாதென்று 1931இல் விட்லி ஆணையம் கூறிற்று. 1935இல் ஆலை முதலாளிகள் பதிலித் தொழிலாளருக்குச் சீட்டு வழங்கி, தற்காலிக இடங்களைச் சீட்டுள்ளவர்க்கே கொடுக்கத் தொடங்கினர்.

1973இல் எண்ணெய் விலை ஏறியபின் வளைகுடா நாடுகளுக்கு ஆள் தேவைப்பட்டது. பம்பாய் அதற்குத் தலைவாயில் ஆயிற்று. நகையை அடகு வைத்து வந்து, விடுதிகளில் விசாவுக்காக வாரக்கணக்கில் காத்துக் கிடந்தோர் பலர். இங்கே கையெழுத்திட்ட ஒப்பந்தம் அங்கே இறங்கியதும் மாறிவிடுவதும் உண்டு: எழுதிய வேலை ஒன்று, கொடுத்த வேலை வேறு, கூலியோ குறைவு. தோட்டக் கூலிகளை எண்ணி எழுதிய பழைய சட்டம் இதற்குப் போதவில்லை. 1983ஆம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டம், பதிவுச் சான்றிதழ் இல்லாத எவரும் வெளிநாட்டு வேலைக்கு ஆள் சேர்ப்பதைக் குற்றமாக்கியது. முகவர் வாங்கும் கட்டணத்துக்கும் பின்னர் விதிகள் வரம்பிட்டன; அவ்வரம்பு 30,000 ரூபாயும் அதற்குரிய வரியும் என்றாயிற்று.

ஆயினும் மும்பை முகவருக்கும் சிற்றூருக்கும் இடையில் துணைமுகவர் ஒருவர் நிற்கிறார். பணத்தை வாங்குபவர் அவரே. இரசீது தராதவரும் அவரே. சான்றிதழில் அவர் பெயர் இராது. "நம்ம ஊர்ப் பையன்" என்பதால் அதை எவரும் கேட்பதுமில்லை. இன்று முகவரின் பதிவை அரசின் 'இ-மைகிரேட்' தளத்தில் எவரும் பார்த்துக்கொள்ளலாம். துணைமுகவரை அங்கே தேடினால் அகப்படமாட்டார்.

2022 செப்டம்பரில் வெளியுறவு அமைச்சகம் ஓர் எச்சரிக்கை வெளியிட்டது. தாய்லாந்தில் கணினி நிறுவன வேலை என்று அழைக்கப்பட்ட இளைஞர்கள், எல்லை கடத்தப்பட்டு மியான்மரில் இணையமோசடிக் கூடங்களில் அடைக்கப்பட்டிருந்தனர். தட்டெழுத்து அறிந்த தலைமுறையின் பேரர்கள், கணினி கற்றவர்கள். மீட்கப்பட்டு அடுத்த மாதம் ஊர் திரும்பியவர்களில் தமிழரும் இருந்தனர்.