சோளத்துக்குத் திறந்த எல்லை

1994 ஜனவரி 1. அமெரிக்கா, கனடா, மெக்சிகோ ஆகிய மூன்று அண்டை நாடுகளின் தடையற்ற வணிக ஒப்பந்தமான நாஃப்டா அன்றுதான் நடைமுறைக்கு வந்தது. அன்று விடியும்போதே மெக்சிகோவின் தென்கோடி மாநிலமான சியாபாஸில், மாயா பழங்குடி மக்களின் சபாட்டிஸ்டா படை சான் கிறிஸ்டோபல் உள்ளிட்ட ஊர்களைக் கைப்பற்றியது. இந்த ஒப்பந்தம் எங்களுக்குச் சாவு ஓலை என்பதுதான் அவர்கள் சொன்ன காரணம்.

ஒரு வணிக ஒப்பந்தத்துக்கு எதிராகப் பழங்குடிகள் ஏன் துப்பாக்கி தூக்க வேண்டும்? விடை நிலத்தில் இருக்கிறது. புரட்சிக்குப் பின் வந்த 1917 அரசியல் சட்டத்தின் 27ஆம் பிரிவு, பெரும்பண்ணைகளை உடைத்து நிலத்தை ஊர்ச் சமூகங்களுக்குக் கொடுக்க வழி செய்தது. எஹிதோ எனப்பட்ட அந்த நிலத்தில் உழுது பிழைக்கலாம், விற்க முடியாது. பஞ்சமி நிலத்தின் கதை தெரிந்த நமக்கு அந்த நிபந்தனையின் அருமையை யாரும் விளக்க வேண்டியதில்லை. ஒப்பந்தப் பேச்சு நடந்துகொண்டிருந்த 1992இலேயே அதிபர் சலினாஸ் அரசு அந்தப் பிரிவைத் திருத்திவிட்டது. நிலப் பங்கீடு நின்றது. எஹிதோ நிலம் சந்தைக்கு வர வழி திறந்தது.

அடுத்தது மக்காச்சோளம். அந்த மக்களுக்கு அதுதான் சோறு, அதுதான் வேலை. முதல் ஆண்டில் 25 லட்சம் டன் வரியின்றி வரலாம், அதற்கு மேல் வந்தால் கடும் வரி, அது 15 ஆண்டுகளில் படிப்படியாகக் குறையும் என்று ஒப்பந்தத்தில் ஒரு பாதுகாப்பு இருந்தது. ஆனால் மெக்சிகோ அரசு அந்த வரியைப் பெரும்பாலும் வசூலிக்கவே இல்லை. அமெரிக்க மானியத்தில் விளைந்த சோளம் வந்து குவிந்தது. கொள்முதல் செய்துவந்த கோனாசுபோ என்ற அரசு நிறுவனத்தையும் 1999இல் மூடினார்கள். இவற்றையெல்லாம் செய்தது உள்நாட்டு அரசுதான்.

1994க்கும் 2002க்கும் இடையில் ஆலைகளில் 5 லட்சம் வேலைகள் கூடின, விவசாயத்தில் 13 லட்சம் வேலைகள் போயின என்றது கார்னகி நிறுவனத்தின் 2003 அறிக்கை. 1994 டிசம்பரில் பெசோ நாணயம் சரிந்ததும் இதில் சேர்த்தி. எல்லாப் பழியையும் ஒப்பந்தத்தின் தலையில் போட முடியாது. ஆனால் கூட்டிக் கழித்து முடித்துவிடுகிற பொருளியலாளர்களோடு எங்களுக்குள்ள சண்டை வேறு. வேலை போனவரும் வேலை கிடைத்தவரும் ஒரே ஆள் அல்ல. புது வேலைகள் பெரும்பாலும் வட எல்லையின் ஏற்றுமதி ஆலைகளில் வந்தன. அவர்கள் தேடியதோ இளம்பெண்களை. தெற்கு மலையில் சோளம் விதைத்த நடுவயதுக்காரருக்கு அங்கே இடமில்லை.

நிவாரணம் இல்லாமல் இல்லை. ஆலை தெற்கே போனதால் வேலையிழந்த அமெரிக்கத் தொழிலாளிக்கு மறுபயிற்சித் திட்டம் இருந்தது. மெக்சிகோ விவசாயிக்கு புரோகாம்போ என்ற உதவித்தொகை, அதுவும் ஹெக்டேர் கணக்கில். நிலம் அதிகமுள்ளவருக்கு அதிகப் பணம். அடுத்தவர் வயலில் களையெடுத்தவருக்கு ஒன்றுமில்லை. எங்களுக்கு இது புதுச் செய்தியாகப் படவில்லை.

மக்கள் வடக்கே நடந்தார்கள். அமெரிக்காவில் வாழ்ந்த மெக்சிகோவில் பிறந்தவர்கள் 1990இல் சுமார் 43 லட்சம் பேர், 2000இல் சுமார் 92 லட்சம் பேர். சோளம் தடையின்றி இறங்கத் தொடங்கிய அதே 1994இன் அக்டோபரில், சான் டியேகோ எல்லையில் அமெரிக்கா காவலை இறுக்கியது. அதன் பிறகு வேலை தேடிப் போனவர்கள் கிழக்கே மலையும் பாலைவனமுமான வழியில் போனார்கள். வெயிலிலும் தாகத்திலும் பலர் அங்கேயே செத்தார்கள்.